அரக்கு ரிப்பன்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் உனக்கு ரயில் வந்துவிட்டது. குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ரக்பி லீக் போட்டியான 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' ஆட்டத்தன்று ஆபீஸில் எல்லோரும் நியூ சவுத் வேல்ஸின் நீல ஜெர்சி போடுகிறார்கள், உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றாய். "பிறந்தது கோயம்புத்தூர், இருக்கிறது சிட்னி. நான் எப்படிப்பா குயின்ஸ்லாந்து?" என்றாய். இரண்டு நாளாக அது மனசிலேயே கிடக்கிறது.

கண்ணு, இந்தப் போட்டி பிறந்ததே அந்தக் கேள்வியால்தான். முன்பெல்லாம் எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஒருவர் ஆட வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் 1956லேயே சூதாட்ட மெஷின்களுக்கு அனுமதி கிடைத்தது, பணம் கொட்டியது. குயின்ஸ்லாந்தில், நம் பிரிஸ்பேனில் ஒரு பையன் நன்றாக ஆட ஆரம்பித்தால் சிட்னி கிளப் அழைத்துக்கொள்ளும். அப்புறம் அவனே நீலச் சட்டையில் வந்து குயின்ஸ்லாந்தைத் தோற்கடிப்பான். வருஷக்கணக்காக இதே கதைதான். வளர்ந்த மாநிலத்துக்கு ஆடட்டும் என்று முதலில் செய்து பார்த்தது பெர்த்தில், ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற வேறொரு வகைக் கால்பந்து ஆட்டத்தில். 1977 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

ரக்பி லீக்குக்கு அது வந்தது 1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லாங் பார்க் மைதானத்தில். குயின்ஸ்லாந்து கேப்டன் ஆர்தர் பீட்சன். குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் பிறந்த பழங்குடி மனிதர். 1966இல் சிட்னிக்குப் போனவர், நியூ சவுத் வேல்ஸுக்கே ஆடியவர். 35 வயதில்தான் முதல்முறையாகக் குயின்ஸ்லாந்தின் அரக்குச் சட்டை போட்டார். எதிரே நின்ற மிக் குரோனின் அவருடைய பாரமாட்டா கிளப்காரர்தான். அன்றைக்கு அதெல்லாம் அவர் பார்க்கவில்லை. நம் அணியின் மால் மெனிங்காவுக்கு அன்று 20ஆவது பிறந்தநாள். ஏழு முறை உதைத்தார், ஏழும் கோல். 20-10 என்று ஜெயித்தோம். பதினாலு வருஷம் சிட்னியில் சம்பாதித்த மனிதர் தன் ஊருக்குத் திரும்பி வந்து நின்றாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துபோகும்.

நாம் இங்கே குயின்ஸ்லாந்துக்கு வந்தது 2006. உனக்கு எட்டு வயது. வந்து சில மாதம்கூட ஆகவில்லை, பள்ளியில் அரக்கு நிறத்தில் ஏதாவது அணிந்து வரச் சொன்னார்கள். ஜெர்சி வாங்க அப்போது கையில் காசில்லை. அம்மா தன் பழைய சுங்குடிச் சேலை முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து உன் ஜடையில் கட்டிவிட்டாள். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் அந்த வருஷ ஆரிஜின் தொடரின் கடைசி ஆட்டத்தன்று டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாய். மெல்போர்னில் நடந்தது, நம் பக்கம் பின்தங்கியிருந்தது. நேரம் முடியப்போகிறது. அவர்கள் கையிலிருந்து நழுவிய பந்தை நம் கேப்டன் டேரன் லாக்கியர் பாய்ந்து எடுத்து எல்லைக் கோட்டைத் தாண்டினார். 16-14. நீ எழுந்து குதித்ததில் ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. அந்த வருஷம் தொடங்கி 2013 வரை எட்டு வருஷம் தொடர்ந்து தொடரை வென்றோம். உன் பள்ளி நாட்கள் ஏறக்குறைய முழுக்க அதுதான்.

விதியையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் தெளிவாக்கினார்கள்: ஒன்று, அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லை, 13 வயதுக்கு முன் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இல்லை, அப்பா அந்த மாநிலத்துக்கு ஆடியிருக்க வேண்டும். நான் வரும்போது எனக்கு 41. அந்தக் கணக்கில் நான் எங்கேயும் சேர மாட்டேன். நீ சேர்ந்துவிட்டாய், ஐந்து வருஷம் மிச்சம் வைத்து.

புதன்கிழமை அவர்களோடு சேர்ந்து பார். அன்பாகக் கூப்பிடுகிறார்கள், போகாமல் இருக்காதே. ரிப்பனை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஒரு ஓரம் பிரிந்திருந்தது, அம்மா நேற்று ராத்திரி மறுபடி தைத்தாள்.

அன்புடன்,
அப்பா