மூன்று பெட்டிகளும் வந்து சேர்ந்தன

நாகப்பட்டினம்
2.11.2025

அன்புள்ள தம்பி செந்திலுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். உன் நலமும் மருமகள், பாப்பா நலமும் அறிய ஆவல். பெட்டிகள் மூன்றும் போன செவ்வாய்க்கிழமை லாரி ஆபீசிலிருந்து வந்தன. ஆட்டோவில் ஏற்றி இறக்க நூற்றியிருபது ஆனது. பணத்துக்காகச் சொல்லவில்லை. வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடத்தில் இடம் ஒழித்து வைத்திருப்பேன்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க போலிருக்கு, தூசி படக்கூடாதுன்னு அனுப்பியிருக்கான்" என்கிறாள் உங்கம்மா. நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வாடகை வீட்டுக்கு ஐப்பசி மழையில் எவன் வெள்ளையடிப்பான்? அவளுக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் பேசாமல் இருக்கிறாளா தெரியவில்லை.

பெட்டி மேல் எழுதியிருந்த விலாசம் உன் கையெழுத்து இல்லை. சரி, அதை விடு.

முதல் பெட்டியில் நீ ஒட்டிச் செய்த குட்டி மாடல் விமானங்கள். மிக்-21க்கு மூக்கில் நீட்டிக்கொண்டிருக்குமே ஊசி, அது ஒடிந்திருந்தது. செப்டம்பர் 26-ந்தேதி சண்டிகரில் அந்த விமானத்துக்கு விடைகொடுத்ததை டிவியில் காட்டினார்கள். உனக்கு போன் செய்தேன். நீ எடுக்கவில்லை, ஆபீஸில் இருந்திருப்பாய். ஊசிக்குப் பதில் உங்கம்மாவின் குண்டூசியை வெட்டி ஒட்டியிருக்கிறேன், அளவு சரியாக வந்திருக்கிறது. விமானி உட்காரும் கண்ணாடிக்கூடும் கழன்றிருந்தது. அதில்தான் தப்பு செய்துவிட்டேன். ஃபெவிக்விக் போட்டேன், காலையில் பார்த்தால் மார்கழிப் பனி படிந்த மாதிரி உள்பக்கமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடிக்கு ஃபெவிகால்தான் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். சொன்னதைக் கேட்காத புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி ஆராய வேண்டியதில்லை.

இரண்டாவது பெட்டியில் ரயில் இன்ஜின். ஒய்.பி.க்கு ஒரு கீறல் கூட இல்லை. எதிர்வீட்டு மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "மாயவரம் ஜங்ஷன்ல நின்னதை அப்படியே சுருக்கி வச்சிருக்கானே" என்றார். ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜை மாடல் அளவுக்கு 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் தண்டவாளம் 12 என்று அந்த அரை மில்லிமீட்டருக்காக நீ ஒரு வாரம் தூங்காமல் கிடந்ததை அவரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். செருப்பு பிய்ந்தால் தைத்துப் போட்டுக்கொள்வாய், ஜப்பான் கிட்டுக்கு ஐயாயிரம் கொடுப்பாய் என்பதையும் சொன்னேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் தாங்காத பிள்ளைக்கு, அப்பனோடு பேசி இரண்டு மாதம் ஆனது மட்டும் கணக்கில் வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி கண் விழிக்காதே. பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. தின்னர் வாசனை நெஞ்சுக்கு ஆகாது, பாப்பா இருக்கிற வீடு.

புரட்டாசியில் 'சிவகங்கை' கப்பல் காங்கேசன்துறையிலிருந்து வரும்போது படம் எடுத்து அனுப்பினேனே, பார்த்தாயா? நீல டிக் வந்தது. கப்பல் பாதி, என் கட்டைவிரல் பாதி விழுந்த படம்தான். இருந்தாலும் முகத்துவாரத்தில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். முன்னெல்லாம் இப்படி அனுப்பினால் "வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும்ப்பா" என்று பாடமாவது எடுப்பாய்.

குறுவை அறுத்தாயிற்று. நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் எல்லோரும் ரோட்டில் கொட்டிக் காயவைப்பதும் தூறல் விழுந்தால் தார்ப்பாய் போடுவதுமாக இருக்கிறோம். வேறு விசேஷம் இல்லை.

மூன்றாவது பெட்டியில் ரஜூலா கப்பல். பின்பக்கப் பாய்மரக் கம்பம் இரண்டு துண்டு, பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தன. கறுப்புப் புகைபோக்கியும் இரண்டு வெள்ளைப் பட்டையும் அப்படியே இருக்கின்றன. மேல்தட்டில் நீ நிறுத்தி வைத்த ஐந்து மில்லிமீட்டர் ஆள், உன் தாத்தா, விழாமல் நிற்கிறார். அந்தக் கப்பலுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் கிட்டு போடவில்லை என்று பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வெட்டி இரண்டு வருஷம் செய்தாயே, அதை ஒரு சாதாரண அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப எப்படி மனசு வந்தது? நீ அனுப்பியிருக்க மாட்டாய். அதனால்தான் எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

கைப்பிடிக் கம்பியை நிமிர்த்தும்போது பிளேடு அந்த ஆட்டுக் கொட்டகையில் பட்டது. கப்பலின் கடைசியில் ஒன்பது மில்லிமீட்டருக்கு இருக்கிறதே, அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, "அப்பா, இதுல அப்படி எதுவும் இல்லையே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டாய். "நீ படத்தைப் பார்த்தவன், நான் கப்பலைப் பார்த்தவன்" என்று கத்தினேன். நீ மறுபேச்சு பேசாமல் கொட்டகையை ஒட்டிவிட்டாய்.

செந்தில், நான் அந்தக் கப்பலில் ஏறியதே இல்லை.

1967-ல் எனக்கு ஒன்பது வயது. ரஜூலா கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பினாங்கு போகிறவர்களைப் படகில்தான் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கப்பலைக் காட்டிவிட்டு அதே படகில் திருப்பி அனுப்புகிறேன் என்று எங்கப்பா என்னைத் தூக்கி உட்காரவைத்தார். முதல் அலைக்கே நான் அலறினேன். படகு ஆடிய ஆட்டத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். எங்கப்பா என்னைத் தூக்கித் தண்ணீரில் நின்ற ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கடிதம் எத்தனை வருஷம் வந்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேட்டபோது ஏறினேன் என்று சொன்னேன். ஏறினால் எதையாவது பார்த்திருக்க வேண்டுமே, ஆடு பார்த்தேன் என்றேன். ஆட்டுக்குக் கொட்டகை வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கம்மாவிடம் சொன்னேன், அப்புறம் மடியில் உட்கார்ந்து கேட்ட உன்னிடம். சொல்லிச் சொல்லி ஆட்டுப் புழுக்கை வாசனை கூட எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் ஒட்டினாய். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டு வேறொன்றைச் சொல்லி ஐம்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். உன்னிடம் எதைக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த வீட்டில் இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வை.

கொட்டகையை எடுத்தால் கீழே பெயிண்ட் பெயர்ந்து வரும். எடுக்கட்டுமா, இருக்கட்டுமா என்று எழுது. போனில் சொன்னாலும் சரி. உங்கம்மா தூங்கிய பிறகு, ஒன்பதரைக்கு மேல் கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன்.

ரஜூலாவின் முன்பக்கத்தில் பாப்பாவின் காலுறை ஒன்றை மாட்டி வைத்திருந்தது, இடிபடாமல் இருக்கட்டும் என்று போலிருக்கிறது. மஞ்சள் நிறம், வாத்து போட்டது. துவைத்துக் காயவைத்து பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னொன்று உன்னிடம் இருக்கிறதா, இல்லை அவர்களிடமா?

அன்புடன்
அப்பா