ஒரு தட்டுக்கு எட்டுப் படம்

வலான்ஸ், பிரான்ஸ்,
ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதாதவளை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் மனசை உறுத்துகிறது. நான் நலம். அம்மா, மாமா, பிள்ளைகள், முத்தியால்பேட்டை சித்தி எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

குளிர் போய்விட்டது, காற்றுதான் போகவில்லை. மிஸ்த்ரால் என்று வடக்கிலிருந்து ரோன் ஆற்றோடு இறங்கி வரும், ஜன்னலைத் திறந்தால் மேஜையில் ஒரு காகிதம் நிற்காது. சமையலுக்குக் குறையொன்றும் இல்லை. லியோன் போகிறவர்களிடம் சொல்லிப் புளி வாங்கிக்கொள்கிறேன். கறிவேப்பிலைதான் காய்ந்தது. கீழ் வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான் ரசத்துக்குப் பூண்டு தட்டினால் துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து திருப்பித் தட்டுவார். மறுநாள் காலை என் வாசலில் ஒரு கட்டு லீக் இருக்கும். வெங்காயத்தாள் மாதிரி, ஆனால் தடியாக இருக்கும். கூட்டு வைத்தால் நன்றாகவே வருகிறது. சில ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டுவதே இல்லை. அன்றைக்கு வீடு என்னவோ போல் இருக்கிறது.

உன் சின்னவன் கேட்டதற்கு வருகிறேன். தான் பாடிய பாட்டுக்குத் திருக்கனூர் சித்தப்பாவின் காகிதக்கூழ் பொம்மைகளை வைத்து வீடியோ எடுக்க வேண்டும், எப்படி என்று கேட்டிருக்கிறான். நல்ல நேரத்தில் கேட்டான். போன வாரம்தான் அன்னெசி விழா முடிந்தது. 1960-லிருந்து நடக்கிற அனிமேஷன் விழா. பணம் கொடுத்து ஒருவர் செய்யச் சொன்ன படங்களுக்கென்று அதில் தனிப் பிரிவு உண்டு. விளம்பரமும் பாட்டு வீடியோவும் அதில்தான் வரும். படம் தொடங்குமுன் கூட்டமே காகித விமானம் செய்து மேடைக்கு விடும். ஒன்று போய் விழுந்தால் அரங்கமே கைதட்டும். திரையில் முயல் தெரிந்தால் எல்லோரும் ஒரே குரலில் ‘லபேன்’ என்று கத்துவார்கள், முயல் என்றுதான் அர்த்தம். ஏரிக்கரைப் புல்வெளியிலும் பெரிய திரை கட்டுகிறார்கள். ஜூன் மாதத்தில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் அங்கே படம் போட ராத்திரி பத்தாகிவிடும்.

அவனிடம் முதலில் சொல்ல வேண்டியது: போனைத் தொடாதே, எண்ணு. பாட்டு வீடியோவில் கெட்டுப்போகிறதெல்லாம் இங்கேதான் கெடுகிறது. படத்தை எடுத்துவிட்டுப் பாட்டோடு ஒட்டப் பார்ப்பார்கள், ஒட்டாது.

பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து வரிசையாக ஓட்டுவதுதான் இந்த வித்தை. அதற்கான போன் ஆப்பில் வினாடிக்கு 12 படம் என்று வைக்கட்டும். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். பொம்மைப் படத்தில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது வழக்கம், அதனால் 12 போதும். இப்போது தாளம். நிமிஷத்துக்கு 100 தட்டு வேகத்தில் பாடினால் ஒரு தட்டுக்கு 7.2 படம் வரும். அந்த 0.2 சேர்ந்து சேர்ந்து ஐந்தாவது தட்டில் ஒரு முழுப் படமாகிவிடும். கவனிக்காமல் ஏழு ஏழாக எடுத்துக்கொண்டே போனால், பல்லவி முடிவதற்குள் பொம்மையின் கை பாட்டை விட்டு விலகிவிடும். 90 வேகத்தில் பாடினால் தட்டுக்குச் சரியாக எட்டுப் படம், எட்டுத் தட்டு கொண்ட ஆதிதாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 64. இன்னும் நல்ல பதிவு எடுக்கவில்லை என்றால் தாளம் தட்டும் மெட்ரோனோமை 90-ல் வைத்துவிட்டுப் பாடச் சொல்.

பாட்டு 2 நிமிஷம் 40 வினாடி என்கிறாய். முழுக்கப் பொம்மை என்றால் 1920 படம். வேண்டாம். எட்டு ஆவர்த்தனம் மட்டும் பொம்மை, 512 படம். மீதியில் அவனே பாடட்டும், தவில்காரரின் கை வரட்டும், சித்தப்பா கூழ் பிசைவது வரட்டும். நிஜமும் பொம்மையும் கலந்து வருவதை இங்கே எவரும் குறையாகப் பார்ப்பதில்லை. விழாவில் எனக்கு நெருக்கமாக இருந்தவை அப்படிப்பட்டவைதான். இது பழைய வழிதான்: 1986-ல் இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டு வீடியோவுக்காகக் கண்ணாடிப் பலகைக்கு அடியில் 16 மணி நேரம் படுத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஆள் அசையாமல் இருந்தால்தான் அவர் முகத்தைச் சுற்றிப் பொருள்கள் ஓட முடியும். களிமண், பழம், மனித முகம் எல்லாம் அந்த ஒரே வீடியோவில் உண்டு.

கோடு போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரு படம். இடப்பக்கம் எண், நடுவில் பாட்டின் எழுத்து, வலப்பக்கம் பொம்மை செய்ய வேண்டியது. தட்டு விழும் வரியில் சிவப்பு மை. கை போய் மோதுகிற படம் சிவப்பு வரிக்கு ஒரு வரி முன்னால் இருக்கட்டும். காது கேட்பதற்குக் கண் கொஞ்சம் முந்தினால்தான் பொருந்தினாற்போல் இருக்கும். பிந்தினால் உடனே தெரிந்துவிடும்.

காகிதக்கூழ் பொம்மைக்கு எடை இல்லை, தொட்டால் சாயும். இரண்டு பாதத்திலும் இரும்பு வாஷர் ஒட்டி, 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைமேல் நிறுத்தி, பலகைக்கு அடியில் நல்ல காந்தம் வைக்க வேண்டும். பலகை அதற்குமேல் தடித்தால் காந்தம் இழுக்காது. வாய் திறக்காத பொம்மை என்பதால் ஆ, ஈ, ஊ, ஓ, மூடிய உதடு என ஐந்து வாய் காகிதத்தில் வெட்டி, தேன்மெழுகை மிளகளவு உருட்டி ஒட்டலாம். வெட்டின விளிம்பில் வாயின் நிறத்தையே தீட்டட்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கோடு மினுங்கும். ப, ம வரும் இடத்தில் மூடிய உதடு ஒரு படமாவது வந்தே ஆக வேண்டும். மற்ற எழுத்து தவறினால் கண் மன்னிக்கும், இதை மன்னிக்காது.

வெளிச்சம்தான் அடுத்த எமன். ஜன்னலைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவிடு. வெயில் நகர்ந்தால் படம் துடிக்கும். போனில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) பூட்டியிருக்க வேண்டும், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. எல்இடி விளக்கு என்றால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. சின்னவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்கக் கூடாது. அவன் குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த வெள்ளை பொம்மை முகத்தில் அடிக்கும். போன் ஏரோப்ளேன் மோடில். படத்தை விரலால் தொட்டு எடுக்காமல் இயர்போன் வயர் பட்டனால் எடுக்கட்டும். மின்விசிறி கூடாது, அதனால் ராத்திரியில் எடுப்பதுதான் நல்லது. ஒரு நாளைக்கு நூறு படம் போதும். நடுவில் பொம்மை விழுந்தால் அதே இடத்தில் நிறுத்த முயல வேண்டாம், முந்தின சிவப்பு வரிக்குப் போய் அங்கிருந்து திரும்ப எடுக்கச் சொல். பாதி அசைவில் ஒட்டுப்போட்டால் குதிக்கும்.

விழாவில் ஒரு வீடியோ, கறுப்பு மேஜைமேல் வெள்ளைத் தூளால் செய்தது. மேலே கேமரா, கீழே விரல். தூளைத் தள்ளி ஒரு படம், தள்ளி ஒரு படம். மணலில் இப்படிச் செய்வது பழைய வித்தைதான், எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து தூளை விடுகிற அந்த விதத்தைப் பார்த்ததும் மார்கழியில் நம் வாசலும், அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு புள்ளி வைப்பதும்... அக்கா, அப்புறம் அந்தப் பாட்டு என்னவென்றே எனக்குக் கேட்கவில்லை. இந்த வருஷமும் மார்கழிக்கு வர முடியாது போலிருக்கிறது. டிக்கெட் விலைக்காக இல்லை, வேலை இருக்கிறது.

அம்மாவின் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று அனுப்பியாச்சா? மாமாவை ஒருமுறை பார்க்கச் சொல், தேதி தவறினால் பணம் நின்றுவிடும். இடது கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த மாதம் நான் அனுப்புவது பத்துத் தேதிக்குமேல் ஆகும், பேங்க் மாற்றுகிறேன், வேறொன்றும் இல்லை. சீட்டுப் பணத்தை அதுவரை நீ சமாளி.

வில்லியனூர் வீட்டை இரண்டாகத் தடுக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கிணறும் முருங்கை மரமும் பொது என்று பத்திரத்தில் எழுதினால் மட்டும் கையெழுத்துப் போடுவேன். பவர் பத்திரம் வேண்டுமானால் நகல் அனுப்பு, இங்கே படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். சித்தியிடம் இதை நீயே நேரில் சொல். போனில் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

சித்தப்பாவிடம் மறக்காமல் சொல்: இந்த வீடியோவுக்கான பொம்மைகளுக்கு மட்டும் வார்னிஷ் வேண்டாம். பளபளத்தால் விளக்கு முழுக்கக் கன்னத்தில் தெரியும்.

அன்புடன்,
உன் தங்கை