பழுதடைந்த தண்டர்பேர்ட் புரொபைலைப் பற்றி மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நல்ல சுகம். மின்னஞ்சல் நிரலான தண்டர்பேர்டைத் திறந்தால் பழைய மின்னஞ்சல் ஒன்றும் இல்லாமல், புதிதாகக் கணக்கைப் பதியச் சொல்லிக் கேட்கிறது என்று நீ தொலைபேசியில் சொன்னாய். அந்தத் திரையைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதே. உன் கடிதங்களும் அமைப்புகளும் உள்ள கோப்புறையான பழைய புரொபைலைத் தண்டர்பேர்டால் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது கண்டுபிடித்தும் படிக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அம்மப்பா உனக்கு எழுதியவையெல்லாம் பொப் 3 முறையில், அதாவது கடிதங்களைக் கணினிக்கே கொண்டுவரும் முறையில், இறக்கிக்கொண்ட பழைய கணக்குக்கு வந்தவை. அந்தச் சேவையே இப்போது இல்லை. ஆகவே உன் மடிக்கணினியின் வன்தட்டில் இருப்பதுதான் அவற்றின் ஒரே பிரதி. அதனால்தான் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லாமல் எழுதி அனுப்புகிறேன். இதை முழுவதும் படிக்கும்வரை தண்டர்பேர்டைத் திறக்க வேண்டாம்.

தண்டர்பேர்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். நிரல் ஓரிடத்திலும் உன் கடிதங்களும் அமைப்புகளும் வேறோரிடத்திலும் இருப்பதால், நிரலை எத்தனை முறை நிறுவினாலும் பழுதான புரொபைல் பழுதாகவே இருக்கும். அதோடு, 2019 இல் வந்த 68 ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பில் திறந்த புரொபைலைப் பழைய பதிப்பில் திறக்க அது மறுக்கிறது; அவசரத்தில் பழைய நிறுவற் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தினால் சிக்கல் இரண்டாகிவிடும். நமது விடுதிக் கணினிக்கு இதே நிலை வந்தபோது, வாடைக்காற்றுக் காலத்து மின்தடையின் பின், நகரத்தில் கணினி திருத்துபவர் ஒருவர் வன்தட்டையே அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம் என்றார். அப்படிச் செய்திருந்தால் அந்தப் பருவத்து முன்பதிவுகள் அனைத்தும் போயிருக்கும். அத்தகைய யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதே.

முதலில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய். திறக்கும் கோப்புறையில் தண்டர்பேர்ட், அதனுள் புரொபைல்ஸ். அங்கே எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்து, ஒரு புள்ளி வைத்து, டிஃபோல்ட் என்றோ டிஃபோல்ட்-ரிலீஸ் என்றோ முடியும் பெயருள்ள கோப்புறைகள் இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் மீதும் வலச்சொடுக்கி அளவைப் பார். சில எம்பி மட்டுமே உள்ளது அண்மையில் தானாக உருவான வெற்றுப் புரொபைல். ஜிபி கணக்கில் உள்ளதே உன்னுடையது. எதைத் திறப்பது என்பதைத் தண்டர்பேர்ட் கோப்புறையிலுள்ள புரொபைல்ஸ்.ஐஎன்ஐ என்ற சிறு கோப்பும், அதற்குத் துணையான இன்ஸ்டால்ஸ்.ஐஎன்ஐ என்ற கோப்பும் தீர்மானிக்கின்றன. அவை தவறான கோப்புறையைச் சுட்டினால் பழுது அவ்வளவுதான். அதே சிறு பெட்டியில் தண்டர்பேர்ட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் பெரிய பி எழுத்தைச் சேர்த்து இயக்கினால் புரொபைல் மேலாளர் வரும். அதில் உன் பழையதைத் தெரிவு செய்யலாம்.

ஆனால் அதற்கும் முன்பு பிரதி எடுக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. நிரல் பின்னணியில் ஓடவில்லை என்பதைப் பணி மேலாளரில் உறுதி செய்துகொண்டு, பெரிய கோப்புறையை அப்படியே வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய். பென் டிரைவ் என்றால் அது ஃபாட்32 முறையில் அமைக்கப்பட்டதா என்று பார். அம்முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, உன் இன்பொக்ஸ் அந்த அளவைத் தாண்டியிருக்கக்கூடும். பழுது வன்தட்டிலேயே இருந்தால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் நிலைமை மோசமாகலாம். இதன் பிறகு செய்வதையெல்லாம் அந்தப் பிரதியின் இன்னொரு பிரதியில் செய்.

கோப்புறையின் உள்ளே மெயில் என்ற பிரிவில் இன்பொக்ஸ் என்று எந்தப் பின்னொட்டும் இல்லாத ஒரு கோப்பும், இன்பொக்ஸ்.எம்எஸ்எஃப் என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவதில்தான் கடிதங்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன; இரண்டாவது நூலகத்து அட்டவணையைப் போன்றது. அட்டவணை கிழிந்தால் நூல்கள் அழிவதில்லை. எம்எஸ்எஃப் கோப்பை நீக்கிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது தண்டர்பேர்ட் அதைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். குறிப்பிட்ட ஒரு பெட்டி மட்டும் குழம்பியிருந்தால், அதன் பண்புகளில் உள்ள பழுதுபார்க்கும் பொத்தானும் இதையே செய்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: கடிதங்களைச் சேவையின் கணினியான வழங்கியிலேயே வைத்திருக்கும் ஐமேப் கணக்கில் அந்தப் பொத்தானை அழுத்தினால் கடிதங்கள் மறுபடியும் வழங்கியிலிருந்தே இறக்கப்படும்; வழங்கியில் அவை இல்லையென்றால் உன்னிடம் உள்ள பிரதியும் போய்விடும்.

பின்னொட்டில்லாத அந்தக் கோப்பை, பிரதியில் மட்டும், எழுத்துத் தொகுப்பி ஒன்றில் திறந்து பார். ஒவ்வொரு கடிதமும் ஃப்ரம் என்ற ஆங்கிலச் சொல்லும் நாளும் கொண்ட வரியுடன் தொடங்கும். அடுத்து எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ் என்ற வரி வரும். அதில் 0001 என்றிருந்தால் நீ படித்த கடிதம். 0009 என்றிருந்தால் படித்தபின் நீக்கிய கடிதம். நீக்கியது என்று சொன்னாலும், பெட்டியைச் சுருக்கும் வரை, அதாவது நீக்கியவற்றைக் கோப்பிலிருந்தே அகற்றும் வரை, அது அங்கேயேதான் இருக்கும். கீழே வரும் பகுதியைக் கண்டு மிரளாதே. சமக்குறி, ஈ, 0, பின்னும் சமக்குறி, ஏ, ஈ என்று ஆங்கில எழுத்துகளும் எண்களும் வரிவரியாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது குப்பை அன்று. யுனிகோட்டில் எழுதிய நமது தமிழ் அப்படித்தான் குறியிடப்படுகிறது. வேறு சில கடிதங்களில் அதே தமிழ் 4கே6 என்று தொடங்கும் நீண்ட தொடராக இருக்கும். அம்மப்பாவின் ஆரம்பகாலக் கடிதங்கள் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை; அவற்றில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும், ஆனால் பாமினியை நிறுவினாலோ எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றின் வழியே செலுத்தினாலோ ஓர் எழுத்தும் குறையாமல் வந்துவிடும். படிக்க முடியவில்லை என்பதற்காக எந்த வரியையும் அழித்துவிடாதே. பெட்டியைச் சுருக்கும் வேளையில் மின்சாரம் போயிருந்தால், என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகளும் எஞ்சியிருக்கலாம். அவற்றுள்ளும் கடிதங்கள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் வைத்துக்கொள்.

பழைய புரொபைலை மேலாளரில் தெரிவு செய்தும் அது ஒழுங்காகத் திறக்காவிட்டால், அதைத் தட்டித் தட்டித் திருத்துவதை நான் விரும்பவில்லை. எந்தக் கோப்பு கெட்டது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, மேலாளரில் புதிய புரொபைல் ஒன்றை உருவாக்கி, கடிதங்களை மட்டும் அதற்குள் குடிபெயர்ப்பதே உறுதியான வழி. உருவாக்கி ஒரு முறை திறந்து, கணக்கைப் பதிந்து, நிரலை மூடிவிடு. பின்னர் பழையதிலிருந்து பின்னொட்டில்லாத கோப்புகளை மட்டும், பழைய-இன்பொக்ஸ் என்பது போன்ற பெயர் வைத்து, புதியதன் மெயில் பிரிவிலுள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ் கோப்புறையில் வை. நீ உட்பெட்டிகள் வைத்திருந்தாய் அல்லவா, அவை எஸ்பிடி என்று முடியும் கோப்புறைகளில் இருக்கும், அவற்றையும் மறக்காதே. தண்டர்பேர்டைத் திறந்தால் இடப்பக்கம் அவை வந்து நிற்கும். பெரிய பெட்டிக்கு அட்டவணை கட்டி முடியச் சிறிது நேரம் எடுக்கும், குறுக்கிடாதே.

முகவரிகளுக்கு ஏபுக்.எஸ்க்யூலைட், ஹிஸ்டரி.எஸ்க்யூலைட் என்ற இரண்டையும் நிரல் மூடியிருக்கும்போது எடுத்து வை. கடவுச்சொற்கள் லொகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் திறக்கும். அவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்துகொள்வதே நல்லது. பிரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பைக் கொண்டுவர வேண்டாம், பழைய பழுதும் அதோடு வந்துவிடலாம். நிரல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி வந்தால், அது உண்மையில் ஓடவில்லை என்று உறுதி செய்தபின் பேரண்ட்.லொக் கோப்பை நீக்கு.

உன் வைரஸ் தடுப்பு நிரலின் தனிமைப்படுத்திய பட்டியலையும் ஒரு முறை பார். ஒரு கடிதத்தில் கெட்ட இணைப்பு இருந்தாலும், பெட்டி முழுவதும் ஒரே கோப்பு என்பதால் முழு இன்பொக்ஸையுமே அது தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கே இருந்தால் மீட்டெடுத்து, இனிமேல் புரொபைல் கோப்புறையை அது தொடாதபடி விலக்கு அளித்துவிடு.

புதியது சில மாதங்கள் ஒழுங்காக நடக்கும்வரை பழைய பிரதியை அழிக்க வேண்டாம். இன்றிரவு பெரிய கோப்புறையின் அளவையும், இன்பொக்ஸ் கோப்பின் அளவையும், அது கடைசியாக மாற்றப்பட்ட நாளையும் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பு. இன்பொக்ஸ் 0 என்று காட்டினால் ஒன்றையும் தொடாமல் மடிக்கணினியை நிறுத்திவிட்டு அழை. நீக்கப்பட்ட கோப்பை மீட்கும் வழியை அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
அம்மா