அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் பற்றி, பெட்டி வாங்கியவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நம் கடையில் புளூடூத் ஸ்பீக்கர் பெட்டி வாங்கியவர்களுக்கும், அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எட்டிப் பார்க்காததன் காரணம் தெரியும். நம் பெட்டியில் பழைய பேட்டரி போட்டு விற்கிறேன் என்று சுற்றுகிற அந்த வாய்ஸ் மெசேஜ் எனக்கும் வந்தது. ஒரே நாளில் ஆறு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சினன்.

முதலில், உண்மையை ஒத்துக்கொள்கிறேன். பெட்டி இரைகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிற ஒரு அண்ணன்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் போட்டுப் பார்த்தோம். மேலே பஸ், கீழே பஸ், பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர். ஒன்றும் கேட்கவில்லை. “நல்லாத்தானே இருக்கு” என்றேன். “காலைல நாலு மணிக்குத் தோட்டத்துக்கு வந்து கேளும்” என்றார். நான் போகவில்லை, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அன்று ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்று, பிரிட்ஜ் நின்று, வீடே அடங்கியபோது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி மட்டும் மூலையில் ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. தூரத்தில் ஓட்டின் மேல் சாரல் விழுகிற மாதிரி. வீட்டுக்காரி டார்ச்சை எடுத்துக்கொண்டு கேஸ் அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு மற்றதும் விளங்கியது. குளச்சலில் வள்ளத்தில் கொண்டுபோகிறவர்கள் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. எஞ்சின் சத்தத்தில் இது எங்கே கேட்கப் போகிறது? சொன்னவர்கள் சர்ச் அன்பியக் கூட்டத்துக்கு வாங்கியவர்கள். பாட்டு முடிந்து எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக இருக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் நம் பெட்டி பேசுகிறது. அவர்களிடம் எனக்கு வெட்கமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

ஆனால் வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருப்பது வேறு. “பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு அந்த செல்லப் போட்டு விக்கான், அதுதான் இரையுது.” இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் விட முடியாது.

நம் பெட்டியில் இருப்பது 18650 என்கிற லித்தியம் பேட்டரி செல் மூன்று, வரிசையாகக் கட்டியது. முழுச் சார்ஜில் ஒன்றுக்கு 4.2 வோல்ட், மூன்றும் சேர்ந்து 12.6. புது செல். பில் கடையில் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். உரித்த செல் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பாட்டில் கனத்த பாஸ் சத்தம் அடிக்கும்போது வோல்ட் சரிந்து பெட்டி அணைந்து அணைந்து எரியும், ஒரு மணி நேரத்தில் சார்ஜ் தீரும். இரைச்சல் வராது. பேட்டரி கரண்ட்டைவிடச் சுத்தமான கரண்ட் ஏது? நம்பாத இரண்டு பேர் முன்னால் செல்லைக் கழற்றி வைத்துவிட்டு கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டிக் காட்டினேன். அதே ‘ஸ்ஸ்ஸ்’. அப்பா 4440 ஐசி போர்டில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கட்டிய காலத்திலிருந்து இந்தக் கடையில் பழசைப் புதுசு என்று விற்றதில்லை. பழசு என்றால் பழசு என்று சொல்லித்தான் கொடுப்போம். அந்தக் குரல் யாருடையது என்றும் தெரியும். அவர் வீட்டுப் பால்காய்ப்புக்கு சவுண்ட் வைத்தது நான்தான், அன்றைக்கு இரைந்ததாக அவர் சொல்லவில்லை. சரி, விடுங்கள்.

அப்படியென்றால் எதனால் இரைகிறது? காரணம் இரண்டு.

உள்ளே இருப்பது டிபிஏ3110 என்கிற ஆம்ப் ஐசி வைத்த போர்டு. கெயின், அதாவது சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை இந்த ஐசியின் இரண்டு கால்கள்தான் தீர்மானிக்கும். அவற்றைக் கட்டுகிற விதத்தைப் பொறுத்து 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கில் ஒன்று கிடைக்கும். நமக்கு வந்த போர்டுகள் 36-இல் கட்டி வந்தவை. அதாவது உள்ளே வருவது ஏறக்குறைய 63 மடங்காகும். பாட்டு மட்டுமா பெருகும்? எந்த ஐசியிலும் ரெசிஸ்டரிலும் இயல்பாகவே துளி இரைச்சல் உண்டு, அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். 26-க்கு இறக்கினால் 20 மடங்குதான். 12 வோல்ட் பெட்டிக்கு அது தாராளம். மெதுவாகப் பதிவான பழைய பாட்டுகளுக்கு மட்டும் வால்யூம் குமிழை முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று, போன் கனெக்ட் ஆனதும் வருகிற ‘கிர்ர், டிக் டிக்’. புளூடூத் சிப் விட்டுவிட்டுத்தான் அலையை அனுப்பும். அனுப்பும்போதெல்லாம் வெடுக்கென்று கரண்ட் இழுக்கும். ஆம்பும் அதுவும் ஒரே மெல்லிய கிரவுண்ட் (மைனஸ்) வயரில் தொங்கினால் அந்த வயரில் மில்லிவோல்ட் கணக்கில் ஒரு ஆட்டம் வரும். அது பாட்டா ஆட்டமா என்று ஆம்புக்குத் தெரியாது, பெருக்கி வெளியே தள்ளிவிடும். இதைத் தடுக்க பி0505எஸ் என்று ஒரு கறுப்பு மாட்யூல் உண்டு, கட்டைவிரல் நகம் அளவுதான். ஐந்து வோல்ட்டை வாங்கி ஐந்து வோல்ட்டையே புளூடூத் போர்டுக்குக் கொடுக்கும். இதென்ன வேலை என்று தோன்றும். உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர் இருப்பதால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு இருக்காது, அதுதான் விஷயம். ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை போன பெட்டிகளில் அது வைக்கவில்லை. இனி எல்லாவற்றிலும் உண்டு.

கொண்டு வருவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், எனக்கும் வேலை மிச்சம். ஃபேனை நிறுத்திவிட்டு, பாட்டுப் போடாமல், பெட்டியின் குமிழைச் சுத்தமாகக் குறையுங்கள். அப்போதும் இரைந்தால் ஆம்ப் போர்டின் கெயின்தான். குமிழைக் குறைத்ததும் நின்றுவிட்டால் புளூடூத் பக்கம். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்றால் சார்ஜரின் வேலை, கழற்றிவிட்டுக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் உப்புக்காற்று பிடித்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் இது சகஜம், ஸ்ப்ரே அடித்தால் போய்விடும், காசு வேண்டாம். இன்னொரு விஷயம், போனில் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டுப் பெட்டிக் குமிழை முழுக்கத் திருப்பாதீர்கள். போனில் கூட்டி, பெட்டியில் குறைத்து வைத்தாலே பாதிப் பேருக்குத் தொந்தரவு அடங்கிவிடும்.

வீடியோ பார்த்து சிலர் பேட்டரிக்குக் குறுக்கே 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறார்கள். பாஸ் கொஞ்சம் நிமிரலாம், நம் பெட்டியின் இரைச்சலுக்கு அது மருந்தில்லை. ஒரு தம்பி பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டு அது வெடித்து, பஞ்சு பஞ்சாகப் பெட்டி முழுக்க ஒட்டியிருந்தது. தயவுசெய்து வேண்டாம் மக்களே.

இனி ரிப்பேர். மாட்யூல் வைப்பது எளிது. கெயின் மாற்றுவதற்கு ஐசியின் ஒரு காலைத் தூக்கி கிரவுண்டில் சேர்க்க வேண்டும். ஊசி முனையைவிடக் கொஞ்சம் தடிமனான கால், பக்கத்துக் காலில் ஈயம் பட்டால் போர்டு போச்சு. இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பையன் ஒருவன் நம்மிடம் இருந்தான், ஐந்து வருடம் கூடவே நின்றவன். போன மாதம் கத்தாருக்குப் போய்விட்டான். நல்லா இருக்கட்டும், நான் பிடித்துவைக்க முடியாது. இப்போது நானே கண்ணாடிக்கு மேல் லென்ஸ் வைத்துக்கொண்டு செய்கிறேன், ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் முடியும். காலையில் என் கை நடுங்குவதில்லை, சாயங்காலம் சொல்ல முடியாது. அதனால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், முடிந்ததும் போன் செய்கிறேன். காத்துக்கொண்டு நின்றால் எனக்குக் கை ஓடாது.

வாங்கி ஒரு வருடம் ஆகாத பெட்டிக்கு எல்லாம் இலவசம், மற்றவர்களுக்கு 150 ரூபாய்.

இத்தனைக்கும் நடுவில், “அண்ணே, இரைஞ்சா இரையட்டும், வேற கடைக்குப் போகமாட்டோம்” என்று சொன்ன அருமனை அக்காவுக்கும், போன வாரமும் இரண்டு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்த குளச்சல் வள்ளக்காரர்களுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் “நல்லாத்தானே இருக்கு” என்று சொன்ன என்னிடம் திரும்பவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த ரப்பர் வெட்டுகிற அண்ணனுக்குத் தனியாக நன்றி. முதலில் சரிசெய்தது அவருடைய பெட்டியைத்தான். நாலு மணிக்குத் தோட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டு ஆறு மணிக்குப் போன் செய்தார். “இப்ப பூச்சி சத்தம் கேக்குது” என்றார்.

ஞாயிறு கடை கிடையாது. வரும்போது சார்ஜரையும் கொண்டு வாருங்கள். பெட்டிக்குள் எறும்பு இருந்தால் வீட்டிலேயே தட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்பீக்கர் கடைக்காரன்,
மார்த்தாண்டம்