ஐப்பசி முதல் கடையில் பிளாஸ்டிக் கவர் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காந்தி ஜயந்தி அன்று நடந்த நம் ஊர்க் கிராம சபைக்கு வந்தவர்களுக்கு இந்த மடலில் பாதி தெரிந்த செய்திதான். வயல் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், திருச்செந்தூரில் முகூர்த்தம் என்று வர முடியாமல் போனவர்கள்தான், "என்னமோ தீர்மானம் போட்டாங்களாமே அண்ணாச்சி, இனிமே கவர் கிடையாதாமே" என்று ஒரு வாரமாகக் கேட்கிறீர்கள். கல்லாவில் நின்றுகொண்டு ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னால் சேதி திரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறோம்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. 2022 முதல் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்ந்துகொண்டதால் நாலு ஆறாயிற்று. அந்த ஆறில் அக்டோபர் 2 கூட்டம்தான் கனமானது. அடுத்த வருஷத்துக்கான ஊராட்சித் திட்டம் அன்றைக்குத்தான் பேச்சுக்கு வருகிறது. நம் ஊராட்சிபோல மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரத்துக்குள் மக்கள் இருக்கும் இடத்தில் 200 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த முறை பள்ளிக்கூட வேப்பமரத்தடி கொள்ளாமல் ஆட்கள் சுவர் ஓரம் வரை நின்றார்கள். வரவு செலவு வாசித்தார்கள், மேலத்தெரு தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்தது. அதன்பிறகுதான் குப்பைப் பேச்சு வந்தது.

வடக்குத் தெரு ஆச்சி ஒருவர் எழுந்து தன் செவலைப் பசுவைப் பற்றிச் சொன்னார். ஆவணியில் மாடு தீனியைத் தொடவில்லை, அசை போடவில்லை, வயிறு மட்டும் இடப்பக்கம் மேளம் மாதிரி உப்பிக்கொண்டே போனது. கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து கவர்ப் பந்தை எடுத்தார். சோற்று மிச்சத்தோடும் காய்கறித் தோலோடும் கட்டித் தெருவில் போடுகிற கவரை மாடு உப்பு வாசத்துக்கு அப்படியே விழுங்கிவிடும். ஆட்டைப்போல உதட்டால் பொறுக்கித் தின்ன மாட்டுக்குத் தெரியாது. விழுங்கிய கவர் செரிப்பதும் இல்லை, சாணத்தோடு வெளியே வருவதும் இல்லை. முதல் இரைப்பையிலேயே ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறாகி, பந்தாகிவிடும்.

கூட்டத்தில் ஆச்சி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை நாங்களே சொல்லிவிடுகிறோம். மாட்டுக்கு அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் அவர் ஒரு பழைய அலுமினியச் சட்டியோடு கடைக்கு வந்தார். உள்ளே அந்தப் பந்தைத் தண்ணீரில் அலசி வைத்திருந்தார். சாணிப் பச்சை ஏறியிருந்தாலும் ஒரு மடிப்பைப் பிரித்தபோது நீலக் கோடும் மஞ்சள் கோடும் தெரிந்தன, கோட்டுக்குக் கீழே எங்கள் கடைப் பெயரும் தெரிந்தது. கவர் என்றைக்குக் கொடுத்ததோ தெரியவில்லை. அச்சு அழியவே இல்லை. ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. அரைக் கிலோ தவிடு வாங்கிக்கொண்டு, முந்தானையில் கட்டிக்கொண்டு போனார். மாடு பிழைத்துவிட்டது. ஆனால் அந்த நீலக் கோடு இன்னும் எங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

கூட்டத்தில் எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம். ஊராட்சி எல்லைக்குள் எந்தக் கடையிலும் தூக்குக் கவர், பிளாஸ்டிக் தம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், தட்டு, உறிஞ்சு குழாய் கொடுக்கக் கூடாது. இது புதிய சட்டம் இல்லை. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. அன்றைக்கு நாங்களும் நிறுத்தினோம். மூன்று மாதத்தில், "பக்கத்துக் கடையில தாராங்களே" என்ற ஒரு பேச்சுக்குப் பயந்து மறுபடி வாங்கி அடுக்கினோம். அது எங்கள் தவறு. பக்கத்துக் கடைக்காரரும் எங்களைப் பார்த்துத்தான் மறுபடி தொடங்கினாராம், கூட்டத்தில் அவரே சொன்னார். இந்த முறை ஊரில் உள்ள பதினொரு கடைக்காரர்களும் ஒரே நாளில் நிறுத்துவதாகத் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

தள்ளுவண்டிப் பூக்காரம்மா மட்டும் எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாழை இலைக் கிழிசலில் கட்டிக் கொடுத்தால் பஸ்ஸில் போகிறவர்கள் வாங்கத் தயங்குகிறார்கள், ஒரு நாள் வியாபாரம் போனால் அவருக்கு அடுத்த நாள் பூ வாங்கக் கையில் முதலீடு இல்லை. அவருக்கும் மற்ற தள்ளுவண்டிகளுக்கும் தைப் பொங்கல் வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்களுக்கு அவகாசம் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளியாகத் தூய்மைக் காவலர்களிடம் தர வேண்டும். குளத்துக்கரையில் கொட்டுவதும் எரிப்பதும் கூடாது. மழைக்கு முன்னால் குளத்துக்கரையில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும், கொட்டை வைத்திருப்பவர்கள் கடையில் கொண்டுவந்து போடலாம், ஊராட்சி ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இனி எங்கள் கடையில் நடக்கப்போவது. ஐப்பசி 1 முதல் தூக்குக் கவர் இருக்காது, ஒன்றுகூட இருக்காது.

அரிசி, பருப்பு, மல்லி, வத்தல் எல்லாம் கெட்டியான பழுப்புக் காகிதத்தில் மடித்து, சணல் நூல் கட்டித் தருவோம். அப்பா 1987-ல் கடை திறந்தபோது இதே பொட்டலம்தான். ஒரு வித்தியாசம், அப்பா பழைய நாளிதழில் மடிப்பார், நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம். அச்சு மையில் ஈயம் போன்றவை இருப்பதால் உணவுப் பொருளை நாளிதழில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. வீட்டிலும் வடை எண்ணெயை நாளிதழில் ஒற்றி எடுக்காதீர்கள்.

டப்பா, தூக்குவாளி, பாட்டில் கொண்டுவந்தால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம். டப்பா கனத்தையும் சேர்த்து நிறுத்துவிடுவார்களோ என்று சிலர் சந்தேகப்படுகிறீர்கள். காலி டப்பாவை முதலில் தராசில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் சைபருக்கு வந்துவிடும். அது சைபர் காட்டுவதை நீங்கள் பார்த்த பிறகுதான் சரக்குப் போடுவோம். அதற்காகத் தராசை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.

உப்புக்கும் மண்டை வெல்லத்துக்கும் காகிதம் தாங்காது. நம் கடற்கரைக் காற்றுக்கு உப்பு அரை மணியில் கசியும். அவற்றுக்கு மட்டும் கட்டாயம் ஜாடியோ டப்பாவோ வேண்டும். கருப்பட்டியைப் பழையபடி ஓலைக் கொட்டானில் தருகிறோம். கொட்டான் முடைகிற அம்மாமார் இரண்டு பேர்தான் இப்போது ஊரில் மிச்சம். வாரத்துக்கு நாற்பது கொட்டான் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காலிக் கொட்டானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பூண்டு போட்டு வைக்க அதைவிட நல்லது இல்லை.

எண்ணெயையும் பாட்டிலில் ஊற்றித் தரக் கூடாதா என்று பலர் கேட்டீர்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்க விதி இடம் கொடுப்பதில்லை, கலப்படத்துக்குப் பயந்து வைத்த விதி அது. பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு அரசின் தடையிலும் விலக்கு உண்டு. அதனால் எண்ணெய்ப் பாக்கெட் தொடரும். ஆனால் காலிப் பாக்கெட்டை ஓரம் மட்டும் வெட்டி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். வெட்டிய மூலைத் துண்டு தனியே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குப்பையில் பொறுக்கவே முடியாதது அதுதான். பத்துப் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் உங்கள் பற்றில் கழித்துவிடுவோம். பால் கவருக்கும் அதே கணக்கு.

சேர்ந்த பாக்கெட்டுகள் எங்கே போகும் என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான், நல்ல கேள்வி. ஊராட்சியின் தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போய், அங்கிருந்து துருவுகிற இயந்திரத்துக்குப் போகும். துருவலைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்துக் கொடுத்த முறை அது. அதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின்மேல் துருவலைத் தூவினால் உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தால் துருவ முடியாது. அலசித் தரச் சொல்வது அதற்காகத்தான்.

பை மறந்து வந்தால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். மகளிர் குழுவில் தைத்த மஞ்சப்பை கல்லா ஓரம் தொங்கும். இருபது ரூபாய் முன்பணம் கொடுத்து எடுத்துப் போங்கள், பையைத் திருப்பித் தந்தால் இருபது ரூபாயும் திரும்பும். பழைய வேட்டி, சேலை இருந்தால் குழுவிடம் கொடுங்கள், தையல் கூலிக்குப் பை தைத்துத் தருவார்கள்.

கவர் இல்லை என்றதும் விலை ஏறுமோ என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இலவசம் என்று நினைத்த கவருக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். காகிதமும் நூலும் கொட்டானும் ஏறத்தாழ அதே கணக்கில் வந்து நிற்கிறது. எந்தச் சரக்கின் விலையையும் இதற்காக ஒரு பைசா கூட்டவில்லை. கூட்ட நெரிசலில் மடிக்க நேரமாகும் என்பது மட்டும் உண்மை. அதற்காகச் சாயங்காலம் ஒரு ஆள் கூடுதலாக வைத்திருக்கிறோம். அதையும் மீறித் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்த கவர் கட்டுகள் ஏழையும் ஊராட்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம். வேண்டுமென்றால் பார்க்கலாம், பற்று நோட்டோடு வைத்திருக்கிறோம்.

தீபாவளிச் சிட்டையை இந்த முறை நான்கு நாள் முன்னதாகத் தாருங்கள். காலி டப்பாக்களில் பெயரை எழுதி, சிட்டையோடு கடையில் வைத்துவிட்டுப் போனால், நிறுத்து நிரப்பி வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். வடக்குத் தெருவுக்கு முதல் வண்டி.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடையார்