பார்வை குறைந்தவர்களும் பறவைகளைத் தேடி வரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை பெய்து நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் நிறையும் காலத்தில், வலசை வரும் பறவைகளைப் பற்றிய செய்திகளும் வண்ணப் படங்களும் தங்கள் நாளிதழில் தவறாமல் வெளிவருகின்றன. பேத்தி படித்துக்காட்ட, அவற்றை ஒரு வரி விடாமல் கேட்கிறவன் நான். நல்ல பைனாகுலரும் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவும் எடுத்து வரும்படி அச்செய்திகள் வாசகர்களை அழைக்கின்றன. பார்வை குறைந்தவர்களும் அந்தக் கரைகளுக்கு வரலாம், வந்தால் நிறையவே பெறலாம் என்று அவற்றில் ஒருமுறையேனும் சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஆகவே அவர்களுக்காகவும், "இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்?" என்று அன்பின் பேரில் அவர்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும் குடும்பத்தாருக்காகவும், சரணாலயங்களைப் பராமரிக்கும் வனத்துறையினருக்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைவதால், பார்வையின் ஓரங்கள் மறைந்து நடுவில் ஒரு குறுகிய வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இழந்தது திரும்பாது, சொட்டு மருந்தை நாள் தவறாமல் விட்டுக்கொண்டு எஞ்சியதைக் காப்பாற்ற முயல்கிறேன். நீரிழிவாலோ முதுமையாலோ விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்கு ஓரங்கள் தெரியும், நேரே நோக்கும் பொருள்தான் மங்கிவிடும். பறவைக்குச் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை நிறுத்தினால், பறவை ஓரப் பார்வைக்குள் வந்து தெளிவதை அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்கு (மற்றவர்கள் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காணும் அளவு)க் கீழே 3/60 வரை குறைந்திருப்பதையும், பார்வைப் புலம் 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை சுருங்கியிருப்பதையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வை என்று வகைப்படுத்துகிறது. பார்வைக் குறைபாடு என்றவுடன் முழு இருட்டையே எல்லோரும் நினைத்துக்கொள்வதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருக்கும் பார்வைக்கு நம் கடற்கரை மிகவும் இணக்கமானது. அடர்ந்த மரத்தில் இலைகளுக்கிடையே தத்தும் தையல்சிட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது என்னால் இயலாது. தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் வெட்டவெளி, மறைக்க மரமில்லை, அங்கே ஆழமற்ற நீரில் இரை தேடும் பூநாரையோ நான்கடி உயரத்துக்கு நிற்கக்கூடிய பறவை. அப்பறவைகளின் பெயரிலேயே 2025ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டித் தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது எங்களைப் போன்றவர்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. குளிர்காலத்துக் காலை வேளையில் அச்சாலை முடியும் அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கும், நீர்ப்பரப்பு முழுவதும் கூசும், வெள்ளைப் பறவை அந்த ஒளியில் கரைந்து போகும். சற்றுத் தூரம் சென்றபின் திரும்பி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து இராமேசுவரம் பக்கமாகப் பார்த்து நின்றால், அதே பறவையின் கழுத்து வளைவும் சிறகின் சிவப்பும் எனக்கே தெரிகின்றன. முன்விளிம்பு அகன்ற தொப்பியும், கூச்சத்தைக் குறைக்கும் மஞ்சள் நிறக் கண்ணாடியும் பெரிய துணை. பைனாகுலர் வாங்குகிறவர்கள் அதிக உருப்பெருக்கத்தை நாட வேண்டாம் என்பேன். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி கொண்ட கருவியில் காட்சிப் பரப்பு அகலமாகவும் ஒளி மிகுந்தும் இருக்கும். கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். புலம் சுருங்கிய கண்ணுக்குப் பறவையைக் கருவிக்குள் பிடிப்பதே பெரும்பாடு என்பதால், அகலம்தான் முக்கியம்.

இத்தனையும் கண்ணைப் பற்றியது. கடற்கரையில் எனக்குக் கிடைக்கும் இன்பத்தில் பெரும்பகுதி காது வழியாகவே வருகிறது. மண்டபம், பாம்பன் பகுதியில் இருக்கிறவர்களுக்கு வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகரை இரைந்து கொண்டிருக்கும், தென்கரை அடங்கிக் கிடக்கும். வலசைப் பறவைகள் இங்கே தங்குவதும் அதே மாதங்களில்தான். ஆகவே கேட்க விரும்புகிறவர்கள் அந்நாட்களில் தென்கரைக்குப் போக வேண்டும், நீர் வற்றிச் சேறு வெளிப்படும் நேரத்தில் போக வேண்டும். முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் பவளக்காலி. இறங்கிச் செல்லும் மூன்று சீழ்க்கைகளால் மற்றப் பறவைகள் அனைத்தையும் எச்சரித்துவிடும். நீண்டு வளைந்த அலகுடைய பெரிய கோட்டான் எனும் கரைப்பறவை 'கூர்லீ' என்று நடுங்கி மேலேறும் குரலில் கூப்பிடும். அதன் இனத்தைச் சேர்ந்த சின்னக் கோட்டானோ ஒரே சுருதியில் விரைவாக ஏழெட்டுச் சீழ்க்கைகளை அடுக்கும். உருவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியக் கண் நல்லவர்களே தொலைவில் தடுமாறுவதுண்டு. கூப்பிட்டுவிட்டால் காதுக்கு ஐயமே இல்லை. மேலே ஆலாக்கள் கரகரத்துக் கத்தும், செம்பருந்து மெல்லிய இழுத்த குரலில் சிணுங்கும்.

கடலை விட்டுப் பனங்காட்டுக்குள் திரும்பினால் உச்சியில் பனை உழவாரன்களின் கீச்சொலி, முட்புதருக்குள் கவுதாரி, எங்கோ ஒரு வேலியில் செம்போத்தின் ஆழ்ந்த 'ஊப் ஊப்'. நாம் வருவதை ஊருக்கே அறிவிக்கும் ஆள்காட்டியைச் சொல்லவே வேண்டாம். பொழுது சாய்ந்து மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகு பக்கி எனும் இரவுப் பறவை தொடங்கும். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் அது துள்ளித் துள்ளி விரைந்து அடங்குவதைப் போன்ற அதன் ஒலியை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். பகலெல்லாம் தரையோடு தரையாக அசையாமல் அமர்ந்திருக்கும் அப்பறவையைக் கண் உள்ளவர்களும் காண்பது அரிது.

சரணாலயங்களில் நடப்பது வேறு விதம். நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். மழைக்குப் பின் கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும்போது, கரையில் நிற்பவருக்கு முதலில் எட்டுவது எச்சத்தின் காரமான வாடை. அதன் அளவே பறவைக் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடும். மஞ்சள் மூக்கு நாரை வளர்ந்தபின் ஏறக்குறைய ஊமைப் பறவை. அது அலகின் இரு பாகங்களையும் அடித்து ஒலி எழுப்புமே தவிர, குரல் கொடுப்பது அரிது. குஞ்சுகள் அப்படியல்ல, இரை கேட்டு ஓயாமல் இரையும். பருவத் தொடக்கத்தில் அலகுத் தட்டலும் சிறகடிப்புமாக இருந்த கண்மாய், சில வாரங்களில் குஞ்சுகளின் இரைச்சலால் நிறைவதைக் கேட்டுக்கொண்டிருப்பது, ஒரு பெரிய குடும்பம் வளர்வதை அருகிருந்து அறிவதாகும். இதற்காகவே ஒரே கண்மாய்க்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது என்பது என் கருத்து.

பார்வையின்றியே இயற்கையை ஆழ்ந்து அறிந்தவர்கள் உலகில் உண்டு. உருகுவே நாட்டில் பார்வையின்றிப் பிறந்த ஹுவான் பாப்லோ குலாசோ என்பவர், பறவைகளைக் குரலால் இனங்காண்பதிலும் அக்குரல்களைப் பதிவு செய்வதிலும் புகழ்பெற்றவர். மூன்று வயதில் பார்வையை இழந்த ஹேராட் வெர்மேய் கலிபோர்னியாவில் பேராசிரியராகி, சங்குகளையும் சிப்பிகளையும் விரல்களால் தடவியே ஆராய்ந்தார். நண்டுகளின் தாக்குதலைத் தாங்குவதற்காகச் சங்கு, சிப்பிகளின் ஓடுகள் காலப்போக்கில் எவ்வாறு தடித்தன, வாய் எவ்வாறு குறுகியது என்பதையெல்லாம் தொட்டறிந்து எழுதினார். சங்குக்குப் பெயர்பெற்ற கரையில் வாழும் நாம் இவரை அறிந்திருக்க வேண்டும். கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டைக் கையிலெடுத்து, சுருளையும் முள்ளையும் விரலால் தொடர்ந்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவது எவருக்கும் இயலும். உயிருள்ளதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு அப்போதே சொல்லிவிடலாம்.

உடன் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். உங்கள் முழங்கையை அவர்கள் பற்றிக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னே நடங்கள், மேடு பள்ளம் உங்கள் உடல் அசைவிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். "அதோ, அங்கே பாருங்கள்" என்பதால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. என் பேத்தி இப்போது, "தாத்தா, பத்து மணித் திசையில், தண்ணீர் விளிம்பில், கொக்கைவிடப் பெரியது, தலையைக் கவிழ்த்து மேய்கிறது" என்று சொல்கிறாள். திசை, இடம், உருவம், செய்கை என்ற இந்த வரிசையில் சொன்னால் நிறத்தைச் சொல்வதற்கு முன்பே பறவை பிடிபட்டுவிடும். தனியே போகிறவர்களுக்குக் கைப்பேசியும் உதவும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நம் ஊர்ப் பறவைகள் பலவும் அதில் இப்போது உண்டு. காற்று பலமாக வீசினால் அது தடுமாறும் என்பதால், அது சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் கொண்டு, நம் காதால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வனத்துறையிடம் நான் கேட்பவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நான் ஏற முயன்ற ஒரு பார்வைக் கோபுரத்தின் இரும்புப் படிகள் செங்குத்தானவை, ஒரு பக்கம் கைப்பிடி இல்லாதவை, படியும் நிழலும் ஒரே நிறம், பாதியில் இறங்கிவிட்டேன். எங்கும் படி விளிம்புகளில் மஞ்சள் வண்ணம் பூசி, இருபுறமும் கைப்பிடி வைத்தால் முதியவர்கள் அனைவருக்குமே நன்மை. பெயர்ப் பலகைகள் கருநிறத்தில் பெரிய வெள்ளை எழுத்துகளோடு, கண்ணுக்கு நேரே நெருங்கிப் படிக்கும் உயரத்தில் அமைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மாவட்டத்துத் தச்சர்களைக் கொண்டு பறவைகளின் அலகுகளை மரத்தில் உண்மை அளவில் செய்து, தொட்டுப் பார்க்கும்படி வைக்கலாம். பூநாரையின் நடுவில் ஒடிந்து வளைந்த அலகு, கரண்டிவாயனின் தட்டையான நுனி, நத்தைகுத்தி நாரையின் மூடாத இடைவெளி, கூழைக்கடாவின் நீளம் ஆகியவற்றைக் கையால் அறிந்த ஒருவர், அப்பறவை எதை, எப்படித் தின்னும் என்பதை எவரும் விளக்காமலே உணர்ந்துகொள்வார். பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியுமா என்று ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எண்ணிப் பார்க்கிறேன். மேலே சொன்ன சட்டத்தின் 29ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதன்படி இவை சலுகைகள் ஆகமாட்டா.

இன்னொன்று, அமைதி. சரணாலயக் கரைகளில் விடியற்காலை இரண்டு மணி நேரமாவது வாகன ஒலிப்பானும் ஒலிபெருக்கியும் கூடாது என்று ஒரு விதி இருந்தால், கேட்டு மகிழ்பவர்களுக்கும் அடைகாக்கும் பறவைகளுக்கும் ஒருங்கே பயன்படும்.

தமிழகத்தில் பொங்கல் விடுமுறை நாட்களில் ஆண்டுதோறும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் குரலைக் கேட்டு உறுதிசெய்த பறவையையும் பட்டியலில் சேர்க்கலாம். வரும் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்திலிருந்து பார்வை குறைந்தவர்களும் பார்வையற்றவர்களும் கொண்ட ஒரு குழு, ஆளுக்கொரு துணையுடன், சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் இறங்க வேண்டும் என்பது என் விருப்பம். நகரத்துக்கு மிக அருகில் இருப்பதால் வந்துபோவது எளிது. பறவை ஆர்வலர்களோ கல்லூரி மாணவர்களோ இதை முன்னெடுத்தால், குரல்களை அடையாளம் காட்ட நான் வர ஆயத்தமாக இருக்கிறேன். காலை ஆறரை மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறவைகளும் அடங்கிவிடும், எங்கள் கண்களும் கூசத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.