பூவுக்கு முன்பே வந்த உறிஞ்சுகுழல்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்த கையோடு கொஞ்ச காலம் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம். இப்போது பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் இன்னும் ஆராய்ச்சிப் படிப்பில்தான் இருக்கிறான். எப்போது முடியும் என்று கேட்டால் முறைக்கிறான். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சியின் ஏழைச் சொந்தக்காரன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். உன்னோடு சண்டை போட்டு ரொம்ப நாளாயிற்று, அதனால் இதை விடப்போவதில்லை. நீ உறவுமுறையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய். இந்தச் செதில் இறக்கைக் கூட்டத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை சுமார் 1,60,000 இனங்கள். அதில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ 19,000 மட்டும்தான், மீதியெல்லாம் அந்துகள். அந்த 19,000-மும் தனி வம்சம் இல்லை. அந்துகளின் மரத்தில் நடுவாந்திரத்தில் கிளைத்த ஒரு கொப்பு, அவ்வளவே. சொத்து, வீடு, பரம்பரை எல்லாம் அந்துகளுடையது. பகலில் பறக்கப் போன ஒரு கிளைக்கு நாம் தனிப்பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம்.

நம் காலத்துப் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? பூக்கள் வந்தன, தேன் வந்தது, அதைக் குடிக்க நீண்ட உறிஞ்சுகுழல் வந்தது. கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! 2018-இல் அந்த ஒழுங்கு கலைந்தது. வட ஜெர்மனியில் ஷாண்டெலா என்ற இடத்தில் துளையிட்டு எடுத்த பாறையைக் கரைத்துப் பழைய மகரந்தத்தைத் தேடியவர்களுக்கு நடுவில் இறக்கைச் செதில்கள் அகப்பட்டன. வயது சுமார் 20 கோடி ஆண்டு. தூசியைவிட நொய்மையான அந்தச் செதில்களைப் பிரித்தெடுக்க, ஊசி முனையில் மனித மூக்கு முடி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்களாம். அறிவியல் இப்படியும் நடக்கிறது.

அந்தச் செதில்களில் சில உள்ளீடற்றவை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்றும் வாழும் மிகப் பழைய அந்துக் குடும்பங்களுக்கு உறிஞ்சுகுழல் கிடையாது. தாடையால் மகரந்தத்தையும் பெரணியின் வித்துத்தூளையும் மென்று தின்கின்றன. அவற்றின் செதில் கெட்டியானது. உள்ளே வெற்றிடம் உள்ள செதில், உறிஞ்சுகுழல் உள்ள கூட்டத்தில்தான் உண்டு. அப்படியானால் 20 கோடி ஆண்டுக்கு முன்பே உறிஞ்சுகுழல் இருந்திருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் உறுதியான பூத்தாவரத் தடயங்களோ சுமார் 13 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. பூவே இல்லாத உலகத்தில் அந்தக் குழல் என்ன செய்தது? வறண்ட வெப்பக் காலத்தில் நீர்த்துளிகளையும், ஊசியிலை மரங்களின் இனத்தார் மகரந்தம் பிடிக்கக் கசியவிடும் இனிப்புத் துளிகளையும் குடித்திருக்கலாம் என்பது கண்டுபிடித்தவர்களின் ஊகம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. தேன் பிறகு வந்தது, குழல் தயாராக இருந்தது.

காது விஷயமும் இதே கதைதான். அந்துகளுக்குக் காது உண்டு என்றால் உன் வீட்டில் நம்ப மாட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு மார்பில், இன்னொன்றுக்கு வயிற்றில், பருந்து அந்துகள் சிலவற்றுக்கு வாயுறுப்பில்! தனித்தனியாகப் பல தடவை தோன்றிய உறுப்பு, அதனால்தான் இடமும் வேறு வேறு. வௌவால் இரை தேட எழுப்பும், நம் காதுக்கு எட்டாத மீயொலியைக் கேட்டுத் தப்பிக்கவே காது முளைத்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2019-இல் அகிதோ கவஹாரா என்ற பூச்சியியலாளரின் குழுவினர் 186 இனங்களின் இரண்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்களை ஒப்பிட்டுக் காலம் கணித்தார்கள். காதுகள் பல 9 கோடிக்கும் 8 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தோன்றியவை என்று வந்தது. நம் கையில் உள்ள மிகப் பழைய வௌவால் எலும்புகளுக்கு வயது 5 கோடிச் சொச்சம். எதிரி வருவதற்கு வெகு முன்பே காது இருந்திருக்கிறது. பூச்சி தின்னும் வேறு விலங்குகளின் சலசலப்பைக் கேட்க அது உதவியிருக்கலாம்.

பகலுக்குப் போன கதைக்கும் அதே அடி. வௌவாலுக்குப் பயந்துதான் வண்ணத்துப்பூச்சி வெளிச்சத்துக்கு ஓடியது என்பார்கள். ஆனால் அவை கிளை பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன், அப்போதே பகலில் பறந்தவை. வௌவாலைப் பழி சொல்ல முடியாது. பூத்தாவரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பகலில் திறக்கும் பூவின் தேன்தான் இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்காக வௌவாலுக்குப் பங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. அது வந்த பிறகு போர் சூடு பிடித்தது. புலி அந்துகளில் ஒரு வகை, தானே சொடுக்கொலி எழுப்பி வௌவாலின் எதிரொலிக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. லூனா அந்தின் நீண்ட வால் சுழன்று, தாக்குதலை உடலிலிருந்து வாலுக்குத் திருப்புகிறது. வால் போனாலும் உயிர் தப்புகிறது.

ஒரே ஒரு பழைய கதை மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1964-இல் எர்லிக், ரேவன் என்ற இருவர், செடியின் நஞ்சும் புழுவின் வயிறும் ஒன்றையொன்று துரத்தியே இத்தனை இனங்கள் பெருகின என்றார்கள். முட்டைகோஸ் இலையில் ஓட்டை போடுகிறதே, அந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, அதுதான் நல்ல சாட்சி. கடுகுக் குடும்ப இலையைக் கடித்தால், அதில் உள்ள ஒரு சேர்மத்திலிருந்து காரமான நஞ்சு பிறக்கும். அந்தப் புழுவின் குடலில் உள்ள ஒரு புரதம், நஞ்சு பிறக்குமுன் வேதிவினையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. அதோடு நின்றதா? தாய்ப்பூச்சி முட்டையிட இலையைச் சோதிப்பதே அந்தச் சேர்மத்தை வைத்துத்தான். விரட்ட வைத்த காவல், வழிகாட்டியாகிவிட்டது. இங்கே வரிசை சரி: செடி முதலில், புழு பிறகு. 2015-இல் இரு தரப்பு மரபணுக்களையும் ஒப்பிட்டவர்களுக்கு, செடி புதுச் சேர்மங்களைக் கூட்டியதும் பூச்சி அதற்கு ஈடுகொடுத்ததும், இரு பக்கமும் இனங்கள் பெருகியதும் சேர்ந்தே தெரிந்தன.

உன் பேத்தி இரண்டையும் பிரித்தறிய எளிய வழி கேட்டாள் என்று எழுதியிருந்தாயே. உணர்கொம்பைப் பார்க்கச் சொல். நுனி குண்டாக இருந்தால் வண்ணத்துப்பூச்சி; இழை போலவோ இறகு போலவோ இருந்தால் அந்து. பள்ளியில் மதிப்பெண் கிடைக்கும். அவள் உன்னைப்போல் வாதாடுகிறவள் என்றால் இதையும் சேர்த்துச் சொல்: காஸ்ட்னிட் என்ற அந்துகள் பகலில் பறக்கின்றன, அவற்றின் கொம்பு நுனியும் குண்டு. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத்தில் ஹெடிலிட் என்ற கூட்டம் பெரும்பாலும் இரவில் பறக்கிறது, கொம்பும் ஒல்லி, இறக்கையடியில் காதுகூட உண்டு, அது வண்ணத்துப்பூச்சியேதான். 1986 வரை அதையும் அந்து என்றே வைத்திருந்தார்கள். ஆசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் கடிதத்தைக் காட்ட வேண்டாம், என் கையெழுத்தைப் பார்த்தால் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

மூட்டுவலிக்கு மருந்து மாற்றிப் பார்த்தாயா? பதில் போடு.

உன்,
கணேசன்